படர்தாமரைக்குக் குளிசை: யாருக்கு வேண்டும், எவ்வளவு காலம், எங்கே ஆபத்து

மழை பிடித்து வயலில் தண்ணீர் நிற்கத் தொடங்கிவிட்டால் பரந்தன், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி என்று எந்தச் சந்திப் பாமசியிலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "தம்பி, இந்தப் படைக்கு நல்ல குளிசை ஒண்டு தாங்கோ." பெரும்பாலும் கிறீம் பூசிப் பார்த்து, மாறின மாதிரி இருந்து, திரும்பவும் வந்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். கிறீம் சரிவராவிட்டால் குளிசை, அதுவும் சரிவராவிட்டால் இன்னும் பவர் கூடின குளிசை என்று ஒரு கணக்கு மனதில் இருக்கிறது. அந்தக் கணக்கு பிழை. குளிசை என்பது பலம் கூட்டிய கிறீம் அல்ல. அது உடம்புக்குள் போகும் வழி வேறு, வேலை செய்ய எடுக்கும் காலம் வேறு, கொண்டுவரக்கூடிய ஆபத்தும் வேறு.

படர்தாமரையை (படை என்பதும் அதுதான்) உண்டாக்கும் பங்கசுகள், அதாவது பூஞ்சணங்கள், பெரும்பாலும் டிரைக்கோபைட்டன், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டன் என்ற மூன்று இனங்களைச் சேர்ந்தவை. அவற்றின் சாப்பாடு கெரட்டின் என்ற புரதம். தோலின் மேற்படை, மயிர், நகம் எல்லாம் கெரட்டினால் ஆனவை, மூன்றுமே உயிரற்றவை. அங்கே இரத்தம் ஓடாது. அப்படியென்றால் வாயால் விழுங்கும் மருந்து இரத்தமே போகாத இடத்தில் இருக்கும் பங்கசை எப்படிப் பிடிக்கிறது?

குளிசையின் முழு விசயமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மருந்து இரத்தத்தோடு போய், தோலின் அடியிலும் மயிரின் வேரிலும் நகத்தின் பிறப்பிடத்திலும் புதிதாக உருவாகும் உயிரணுக்களுக்குள் சேருகிறது. தோலில் சுரக்கும் எண்ணெயோடும் வேர்வையோடும் கொஞ்சம் மேலே வருகிறது. பிறகு அந்த உயிரணுக்கள் கெரட்டினாக மாறி வெளியே தள்ளப்படும்போது மருந்தும் அவற்றோடு வருகிறது. பங்கசு பிடித்த பழைய கெரட்டின் உதிர்ந்து போக, பங்கசால் சாப்பிட முடியாத புதிய கெரட்டின் அந்த இடத்துக்கு வருகிறது. ஆகவே மருந்தின் வேகம் உடம்பு வளரும் வேகம்தான். தோலின் மேற்படை மாற ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில் வளரும். கால் பெருவிரல் நகம் 1 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முழுதாகப் புதுநகம் வர ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்.

இன்று பரவலாகக் கொடுக்கப்படும் டெர்பினபின் 250 மில்லிகிராம் குளிசையின் காலக்கணக்கு இப்படித்தான் வந்தது. நாளுக்கு ஒன்று வீதம் உடம்புத் தோலுக்கும் தொடையிடுக்குக்கும் 2 முதல் 4 வாரம், பாதத்துக்கு 6 வாரம் வரை, கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். கடியோ ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். கடி நின்றதும் குளிசையை நிறுத்துபவர் அழற்சியை மட்டும்தான் அடக்கியிருக்கிறார். பழைய கெரட்டினில் மிச்சப் பங்கசு இருக்கிறது. நகத்தில் இதற்கு நேர்மாறான குழப்பம். 12 வாரமும் ஒழுங்காக எடுத்து முடித்த நாளில்கூட நகம் பழையபடி மஞ்சளாக, தடிப்பாகவே இருக்கும். "84 குளிசை போட்டும் ஒண்டும் நடக்கேல்லை" என்று கவலைப்படத் தேவையில்லை. டெர்பினபின் நகத்துக்குள் இன்னும் பல வாரம் தங்கி நிற்கும். நகத்தின் அடியில் தெளிந்த பகுதி மெல்ல மெல்ல முன்னேறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. டெர்பினபினுக்கான அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி, 12 வாரம் எடுத்த கால்நக நோயாளிகளை 48ஆவது வாரத்தில் சோதித்தபோது 70 விழுக்காட்டினரிடம் பங்கசு இல்லை. ஆனால் பங்கசும் போய் நகமும் முழுதாகத் தெளிந்தவர்கள் 38 விழுக்காடுதான். நகப் பங்கசுக்குக் கையிலுள்ள மருந்துகளில் இதுவே முதல் தெரிவு என்பதை நினைவில் வைத்து இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

குளிசை வருவதற்கு முந்திய காலம் பயங்கரமானது. பிள்ளைகளின் தலைப்படைக்கு எக்ஸ்ரே கதிர் அடித்து மயிரைக் கொட்டவைத்தார்கள். தாலியம் என்ற நஞ்சைக்கூடக் கொடுத்தார்கள். 1950களில் இஸ்ரேலில் அப்படிக் கதிர் வாங்கிய பெருந்தொகையான பிள்ளைகளில் பலருக்குப் பின்னாளில் தைரொயிட்டிலும் மூளையிலும் கட்டிகள் வந்தன. கிரிசியோபுல்வின் என்ற பொருளை 1939இலேயே லண்டனில் ரைஸ்ட்ரிக் குழுவினர் ஒரு பெனிசிலியப் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். ஆனால் வாயால் கொடுத்தால் படர்தாமரை மாறும் என்பதை 1958இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜென்டில்ஸ் கினிப்பன்றிகளில் காட்டும்வரை அதை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. ஏறத்தாழ இருபது வருடம் மருந்து கையில் இருந்தும் பிள்ளைகள் கதிர் வாங்கியிருக்கிறார்கள். கிரிசியோபுல்வின் இன்றும் பாவனையில் உள்ளது. பங்கசின் உயிரணு பிரிவதை அது தடுக்கும், ஆனால் கொல்லாது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். சோறும் சம்பலும் போதாது. பாலோ முட்டையோ தேங்காய்ப்பால் கறியோ சேர வேண்டும்.

பிறகு வந்தவை பங்கசின் உயிரணு மென்சவ்வைக் குறிவைத்தன. நமது உயிரணு மென்சவ்வில் கொலஸ்ரோல் இருப்பதுபோல் பங்கசுக்கு எர்கொஸ்ரெரோல் என்ற பொருள் வேண்டும். டெர்பினபின் அது உருவாகும் தொடக்கப் படியையே அடைத்துவிடுவதால், பாதியில் நின்ற மூலப்பொருள் உள்ளே குவிந்து படர்தாமரைப் பங்கசைக் கொன்றுவிடுகிறது. இட்ராகொனசோல், புளுகொனசோல் போன்ற அசோல் வகைகள் பின்னால் வரும் ஒரு படியை அடைக்கின்றன. அவை அடைக்கும் நொதியமும் மனித ஈரலில் மற்ற மருந்துகளைக் கழிக்கும் நொதியங்களும் ஒரே குடும்பம். அதனால்தான் அசோல் குளிசைகள் மற்ற வருத்தங்களுக்கான குளிசைகளோடு முட்டிக்கொள்கின்றன. இந்த வகையில் முதலில் பிரபலமான கீட்டோகொனசோல் குளிசையை, ஈரலுக்குச் செய்யும் கெடுதலால், தோல் நகத்துக்கு இனிக் கொடுக்கவேண்டாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2013இல் முடிவெடுத்தன. ஷாம்பூவும் கிறீமும் பிரச்சினை இல்லை. குளிசையாக யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

சரி, யாருக்குத்தான் குளிசை வேண்டும்?

தலையில் வந்தால் எப்போதும் வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. தலைப்படை பெரும்பாலும் பருவமடையாத பிள்ளைகளுக்கு வருவது. வட்டமாகச் செதில் கிளம்பி, மயிர் குட்டையாக முறிந்து நிற்கும். பங்கசு மயிரின் உள்ளும் வேர்ப் பையிலும் இருக்கிறது. மேலே கிறீம் பூசுவது, வயலில் கோரையின் தலையை மட்டும் அரிந்துவிட்டுக் கிழங்கை மண்ணுக்குள் விட்டு வருவது மாதிரி. கிரிசியோபுல்வின் என்றால் பிள்ளையின் நிறையைப் பார்த்து 6 முதல் 8 வாரம் அல்லது அதற்கும் மேல். டிரைக்கோபைட்டன் வகையென்றால் டெர்பினபின் 4 வாரம். 20 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கால் குளிசை, 40 வரை அரைக் குளிசை, அதற்கு மேல் முழுக் குளிசை. பூனையிலிருந்து தொற்றும் மைக்ரோஸ்போரத்துக்கு கிரிசியோபுல்வின்தான் நன்றாகக் கேட்கும். மொட்டை அடிக்கத் தேவையில்லை. மருந்து தொடங்கியபின் பள்ளிக்கூடத்தை மறிக்கவும் தேவையில்லை.

தலைப்படையின் ஒரு கோலம் தாய் தகப்பனை மட்டுமல்ல, சில வேளை வைத்தியரையும் ஏமாற்றிவிடும். தலையில் ஓரிடம் மெத்தென்று வீங்கி, சீழ் கசிந்து, தொட்டால் பிள்ளை கத்தும். கட்டி என்று நினைத்துக் கீறிவிடுகிறார்கள்; அல்லது அன்ரிபயோற்றிக் மாத்திரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையில் அது பங்கசுக்கு எதிராக உடம்பு காட்டும் கடுமையான எதிர்ப்பு. சுணங்கினால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து மயிர் ஒருநாளும் முளைக்காது. மாடு கன்றோடு புழங்கும் வீடுகளில் இது இன்னும் கவனிக்கவேண்டியது. மாட்டுப் படைப் பங்கசு மனிதருக்குத் தொற்றினால் இப்படித்தான் உக்கிரமாக வரும். பட்டியில் கன்றுகளின் முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்கு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

நகத்துக்கும், நுனியில் மட்டும் கொஞ்சமாகப் பிடித்திருப்பதைத் தவிர, குளிசைதான். ஆனால் நகப் பங்கசு எல்லாவற்றுக்கும் மருந்து எடுத்தே தீரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வலி இல்லை, நடக்கக் கரைச்சல் இல்லை, வயது எழுபது தாண்டிவிட்டது என்றால் நகத்தை வெட்டித் தேய்த்து வைத்திருந்தாலே போதும். சீனி வருத்தக்காரருக்கு அது பொருந்தாது. தடித்த நகம் சப்பாத்துக்குள் அமுக்கிப் புண்ணாகி, அந்த வழியால் பற்றீரியா புகுந்தால் காலுக்கே ஆபத்து. கையில் காசு மட்டுமட்டு என்றால் 84 குளிசையில் இருபதை மட்டும் வாங்கிப் போட்டு நிறுத்துவதைவிட, தொடங்காமலே விடுவது மேல்.

உடம்பில் ஒன்றிரண்டு வட்டங்கள் என்றால் கிறீமே போதும், ஒழுங்காகப் பூசினால். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியேயும் பூசி, மாறின பிறகும் ஒன்றிரண்டு கிழமை தொடரவேண்டும். வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசுவதிலும் உண்மையில்லாமல் இல்லை, சிறிய வட்டத்துக்கு. பரந்து படர்ந்தவை, உள்ளங்கால் முழுதும் தோல் தடித்தவை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வந்தவை ஆகியவற்றுக்குக் குளிசை. முகமாலைப் பக்கம் வெயிலில் கவசம் போட்டு முழந்தாளில் நின்று கண்ணிவெடி தேடும் பெண்களுக்கும், நாள் முழுக்க சப்பாத்தோடு நிற்பவர்களுக்கும் கிறீம் பூசினாலும் வேர்வையில் கரைந்து போய்விடும். அப்படியான இடங்களில் குளிசைப் பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு.

சேற்றுப்புண்ணுக்கு எடுத்த எடுப்பில் குளிசை வேண்டாம். விதைப்பு, நாற்று நடுகைக் காலத்தில் விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போவதில் ஈரமும் பற்றீரியாவும்கூடப் பங்காளிகள். காயவைத்து, கிறீம் பூசிப் பார்த்த பிறகுதான் மற்றது. தேமல் வேறு கதை. அதை உண்டாக்குவது மலசீசியா என்ற ஈஸ்ட். டெர்பினபின் குளிசை அதற்கு வேலையே செய்யாது, எத்தனை போட்டாலும். ஷாம்பூ வகைகள் போதும். மிஞ்சினால் சில நாள் இட்ராகொனசோல் அல்லது கிழமைக்கொரு புளுகொனசோல். ஈஸ்ட் செத்த பிறகும் வெள்ளைத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். கலியாணம் நெருங்குகிறது, இன்னும் மாறவில்லை என்று மருந்துக்கு மேல் மருந்து போடுவதில் பயனில்லை.

குளிசைக்கு முன்னால் இன்னொரு கேள்வி: இது பங்கசுதானா? கெட்டுப்போன நகங்களில் ஏறத்தாழ அரைவாசிக்குப் பங்கசு காரணமே இல்லை. பழைய அடி, இறுக்கமான சப்பாத்து, சொரியாசிஸ் என்ற தோல் நோய் எல்லாம் அதே கோலத்தைத் தரும். தோலிலும் அப்படித்தான். நிறம் மங்கிய ஒரு திட்டு கடிக்கவே இல்லை, தொட்டால் உணர்ச்சி குறைவு என்றால் அது படர்தாமரை அல்ல. தொழுநோயா என்று பார்க்கவேண்டும். அந்த நோய் நம் நாட்டை விட்டு இன்னும் போகவில்லை, மருந்து இலவசம், நேரத்துக்குப் பிடித்தால் முழுதாக மாறும். பங்கசைக் கண்டுபிடிக்கும் சோதனையோ எளிது. ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொற்றாசியம் ஐதரொட்சைட் துளியில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இழைகள் தெரியும். 12 வாரக் குளிசையைத் தொடங்குவதற்கு முன் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இனி ஆகாதவர்கள். ஈரல் முதலாவது. டெர்பினபினும் அசோல்களும் அரிதாக ஈரலைத் தாக்கும். தொடங்குமுன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்து, நீண்ட காலம் எடுப்பதானால் இடையிலும் பார்ப்பது வழமை. வாந்தி உணர்வு விடாமல் நிற்பது, சலம் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது, வலது விலாவின் கீழ் நோவது, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்தவேண்டும். தினமும் கள்ளோ கசிப்போ குடிப்பவர் அதைச் சொல்லாமல் மறைத்துக் குளிசை வாங்குவது மிகவும் ஆபத்தானது. கிரிசியோபுல்வினோடு குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். டெர்பினபின் சிலருக்கு வாய்ருசியை எடுத்துவிடும். கிழமைக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் திரும்பாது.

சிறுநீரகத்தைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை. வன்னியில் பேசவேண்டும். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்கவில்லை, வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. அதிகம் பாதிக்கப்படுபவர்கள் கமக்காரர்கள். சேற்றிலும் வேர்வையிலும் நின்று படர்தாமரை வாங்குபவர்களும் அவர்களேதான். சிறுநீரகத்தின் வடிக்கும் திறன் நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் டெர்பினபின் உடம்பை விட்டுப் போவது பாதியாகக் குறைந்துவிடும். அவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. புளுகொனசோலின் அளவையும் குறைக்கவேண்டும். இந்த நோயோ முற்றும்வரை வெளியே தெரியாது. ஆகவே அந்தப் பகுதிக் கமக்காரர் ஒருவருக்கு மாதக்கணக்கில் குளிசை எழுதும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்து எழுதுவதே புத்தி.

மூன்றாவது, கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் மற்ற மருந்துகள். புளுகொனசோலோடு கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற சீனிக் குளிசை சேர்ந்தால் சீனி திடீரென்று கீழே இறங்கி ஆள் மயங்கலாம். கொலஸ்ரோலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டற்றினோடு இட்ராகொனசோல் சேர்ந்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வாபரின் எடுப்பவருக்கு அசோல் சேர்ந்தால் இரத்தம் கசியலாம். காசநோய்க்கான ரிபாம்பிசினோ மறுபக்கம் இழுக்கும். பங்கசுக் குளிசையை உடம்பு வேகமாகக் கழித்துவிடுவதால் மருந்து வீணாகும். இட்ராகொனசோல் கப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு எடுக்கவேண்டும், கூடவே கஸ்ரிக் என்று ஒமெப்ரசோல் போட்டால் பாதிப் பயனும் இராது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இவற்றை வழமையாகத் தொடங்குவதில்லை. கிரிசியோபுல்வின் கருத்தடைக் குளிசையின் வேலையைக் குறைக்கும். அதை எடுக்கும் ஆண்களும் நிறுத்தி 6 மாதம்வரை பிள்ளைக்கு முயற்சிக்கக் கூடாது. ஆக, பாமசிக்குப் போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள், வேறு வருத்தத்துக்கானது என்றாலும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மாறாத படைகள் கூடிவருகின்றன. முதல் சந்தேகம் ஸ்ரெரொயிட் கலந்த கிறீம்மீது. பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்றவை பூசின இரண்டு நாளில் சிவப்பும் கடியும் போய்விடும். அதனால்தான் ஒரு வீட்டில் வாங்கின ரியூப் நாலு வீட்டுக்குச் சுற்றுகிறது. ஆனால் அழற்சி என்பது பங்கசைத் தள்ள உடம்பு நடத்தும் சண்டை. அதை நிறுத்திவிட்டால் பங்கசுக்குக் கொண்டாட்டம். வட்டத்தின் வடிவம் குலைந்து, வட்டத்துக்குள் வட்டம் போட்டு, தொடையிலிருந்து இடுப்புக்கும் வயிற்றுக்கும் ஏறும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாக வெடித்தால் அந்தத் தழும்பு மாறவே மாறாது. பங்கசு மருந்து, ஸ்ரெரொயிட், அன்ரிபயோற்றிக் மூன்றும் ஒரே ரியூபுக்குள் வருபவை இன்னும் மோசம், ஏனென்றால் பெயரைப் பார்த்தால் நல்ல மருந்து மாதிரித் தெரியும்.

இந்தக் கிறீம்களையும் அரைகுறைக் குளிசையையும் பல வருடம் கண்ட இந்தியாவில் டெர்பினபினுக்கு அடங்காத ஒரு பங்கசு தலையெடுத்தது. 2020இல் அதற்கு டிரைக்கோபைட்டன் இந்தோதினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினபின் போய்ப் பிடிக்கும் நொதியத்தின் மரபணு அதில் மாறியிருப்பதால் மருந்து ஒட்டுவதில்லை. 2018இல் இந்தியா பல ஸ்ரெரொயிட் கிறீம்களை டொக்டரின் துண்டு இல்லாமல் விற்பதைத் தடுத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2023இல் நியூயோர்க்கிலும் இந்தப் பங்கசைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு தூரம் போனதற்குப் பாக்குநீரிணை ஒரு தடையா? டெர்பினபின் கேட்காத இப்படியான படைக்கு இட்ராகொனசோலை 6 முதல் 8 வாரம், சில வேளை அதற்கும் மேல் கொடுக்கிறார்கள். அதாவது மேலே சொன்ன கொலஸ்ரோல் குளிசை, வாபரின் போன்றவற்றோடு முட்டும் மருந்துதான் இவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது.

மாறாத படைக்கு இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. ஒருவர் குளிசை எடுக்க, அதே துவாயைப் பாவிக்கும் மற்றவர் படையோடு இருந்தால் இருவரும் மாறி மாறித் தொற்றிக்கொள்வார்கள். கடிக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து செய்யவேண்டும். சாரம், உள்ளாடை, துவாய் தனித்தனியாகி, சுடுநீரில் தோய்த்து, வெயிலில் நன்றாகக் காயவேண்டும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காது என்றால் உட்புறத்தை இஸ்திரி போட்டாவது உடுக்கலாம். நகப் பங்கசுக்காரர் பழைய சப்பாத்தை அப்படியே போட்டால் புதுநகத்துக்கும் அதுவே வரும். சலூனில் மயிர் வெட்டும் மெசினும் சீப்பும் கழுவப்படுகிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாலு வாரம் ஒரு நாளும் தவறாமல் குளிசை எடுத்தும் வட்டம் விரிகிறது என்றால் இன்னொரு பெட்டி வாங்குவது வழியல்ல. பூச்சு மருந்து எல்லாவற்றையும் ஒன்றிரண்டு கிழமை நிறுத்திவிட்டு, தோல் கிளினிக்கில் ஓரத்துச் செதிலைச் சுரண்டக் கொடுக்கவேண்டும். மருந்து பூசின தோலில் எடுத்த செதிலில் பங்கசு இருந்தாலும் அகப்படாது. வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வர 4 வாரம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் கடி தாங்கமுடியாவிட்டால் கடிக்கான சாதாரணக் குளிசையைக் கேட்டு வாங்கலாம்; ஸ்ரெரொயிட் ரியூபை மட்டும் திரும்ப எடுக்கக்கூடாது.